யாமினா சொல்லாமல் விட்ட சாட்சி

எங்கள் துறைமுக ஊர் ஸஃபியில் யாமினாவின் முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்கிறவர்கள் பத்துப் பேர் தேறினால் அதிகம். ஆனால் அவள் குரல் நுழையாத வீடு கிடையாது. சாயங்காலம் ஆறரைக்குத் துருக்கித் தொடர் ஆரம்பித்ததும் மருமகளை உப்புப் போட்டு ஊறவைத்து வறுத்தெடுக்கிறாளே ஒரு மாமியார், அந்த மாமியார் எங்கள் பேச்சில் பேசுவது யாமினாவின் வாயால்தான். மாமியார் மட்டுமா? கோர்ட்டு நீதிபதி, ஆஸ்பத்திரி ஆயா, கனவில் வந்து மிரட்டும் செத்துப்போன அத்தை, ஆள் குறைந்த நாளில் போலீஸ்காரன், எல்லாம் அவள்தான். காஸாபிளாங்காவில் ஒரு மூன்றாவது மாடியில், சன்னல் இல்லாத, சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்த சின்ன அறைக்குள் பத்தொன்பது வருஷமாக நின்றுகொண்டே பேசுகிறாள். கதவைச் சாத்திவிட்டால் வெளியே பகலா மழையா என்பதுகூடத் தெரியாது. ஊரைத் திட்டித் திட்டியே சோறு சாப்பிடுகிறேன் என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வாள். வயது நாற்பத்தாறு.

இந்தத் தொழில் யார் போட்ட பிச்சை என்று கேட்டால் அவள் தயங்காமல் சொல்ல வேண்டிய பெயர் ஒன்றுதான். ஸி புஷ்தா. 'ஸி' என்பது நாங்கள் மரியாதைக்குச் சேர்ப்பது. நாடகக்காரர் என்றதும் நீண்ட முடியும் தோள்பையும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். மத்தி மீன் டப்பா ஆலையில் மூடி பொருத்தும் இயந்திரத்தில் நின்றவர். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் எங்கள் பேட்டை இளைஞர் இல்லத்துக்கு வருவார். அப்படியும் மீன் வாடை அவருக்கு முன்னால் வந்து கதவைத் தட்டும். அவர் அங்கே பிள்ளைகளுக்கு நாடகம் பழக்க ஆரம்பித்தபோது அவருக்கு இருபத்தேழு வயது, யாமினாவுக்குப் பதினைந்து.

அவருடைய குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வேறெங்கும் நான் அதைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வசனத்தை மட்டுமல்ல, எல்லாருடைய வசனத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டும். இதற்குக் கலை கிலை என்று பெரிய காரணம் ஒன்றும் இல்லை. நாடகத்தன்று எந்தப் பெண்ணை வீட்டில் நிறுத்திக்கொள்வார்கள் என்பது திரை விலகும்வரை தெரியாது. திடீரென்று ஒரு மாமா விருந்தாட வருவார். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவனுக்கு அன்றைக்குப் பார்த்து மானம் விழித்துக்கொள்ளும். ஒரு தடவை கல்யாணப் பெண் வராமல் போய், மீசை அரும்பிய தச்சர் மகன் முக்காடு போட்டு உட்கார்ந்து, மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் மேடையை விட்டு ஓடியது இன்றைக்கும் ஊரில் பேச்சு.

யாமினாவுக்கு அப்போது குரல் கட்டை. பள்ளிக்கூடத்தில் கழுதை என்று பட்டப்பெயர். வாயைத் திறக்கவே கூசுவாள். ஸி புஷ்தா அவளை முதல்முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "உன் ஒரு தொண்டைக்குள்ள நாலு பேர் குடியிருக்காங்க. யாரையும் காலி பண்ண வெச்சிடாத" என்றார். அவ்வளவுதான் அவர் பாராட்டு. அன்றிலிருந்து ராணி, ஓநாய், கிழவன், நீதிபதி என்று அவளுக்கு ஓய்வே கொடுக்கவில்லை. நாலு வருஷம் கழித்து ரபாத் நாடகப் பள்ளிக்கு மனு எழுதி, ரயிலேற்றிவிட்டதும் அவரே.

இப்படிப்பட்டவருக்கு அவள் நன்றி சொன்னாளா? இல்லை. பெருநாளுக்குத் தொலைபேசி செய்வாள், உடம்பு எப்படி என்று கேட்பாள், கடலைப் பற்றிப் பேசுவாள், வைத்துவிடுவாள். அந்த வார்த்தை மட்டும் தொண்டை வரை வந்து திரும்பிப் போய்விடும். கொடுக்காமல் வைத்த வார்த்தை வருஷத்துக்கு வருஷம் கனக்கும் போலிருக்கிறது. கடைசியில் ஊருக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். ஒன்பது வருஷம் ஆயிற்று.

போன ஜூன் மாதம் ஸகரியா என்று ஒருவன் கூப்பிட்டான். இளைஞர் இல்லத்துக்குப் புதிதாக வந்திருக்கும் அதிகாரி. குரலில் தேன் ஒழுகியது. ஸி புஷ்தாவுக்குக் கௌரவிப்பு விழா எடுக்கிறோம், நீங்கள்தான் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றான்.

எங்கள் பக்கத்து நாடகக்காரர்கள் கௌரவிப்பு என்றாலே ஒளிந்துகொள்ளப் பார்ப்பார்கள். அதன் முறை இதுதான்: முதலில் பழைய மாணவர் ஒருவர் மேடையேறி, இவர் எனக்கு என்ன செய்தார் என்று சபை அறியச் சாட்சி சொல்வார். பிறகு கம்பளி மேலங்கி போர்த்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கேடயம் கொடுப்பார்கள். எல்லாரும் எழுந்து கை தட்டுவார்கள். மறுநாள் காலையில் அந்த மனுஷன் வழக்கம்போல் வந்து கதவைத் திறந்தால், இன்னுமா என்பதுபோல் பார்ப்பார்கள். மேலங்கி வாங்கியவர் வீட்டில் இருக்க வேண்டும், அதுதான் மரியாதை. 'நாற்காலி வேண்டுமா, மேலங்கி போர்த்து' என்று எங்களுக்குள் சொல்லிச் சிரிப்போம்.

யாமினாவுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வாள்? வருகிறேன் என்றாள். இரண்டு வாரம் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினாள்.

பேருந்து நிலையத்துக்கு அவளை அழைத்துப்போக வந்தது நஜாத். அந்தக் காலத்தில் இவளோடு அதே குழுவில் நடித்தவள், இப்போது அழகு நிலையம் வைத்திருக்கிறாள். கட்டிப்பிடித்து முத்தமிட்ட கையோடு காதைக் கடித்தாள். இளைஞர் இல்லத்து நாடக அரங்கத்தைக் கணினி வகுப்பாக்க ஸகரியா துடிக்கிறானாம். ஸி புஷ்தா இருக்கும்வரை நடக்காதாம். விழாவுக்கு அவர் இரண்டு தடவை மறுத்தாராம். யாமினா வந்து சாட்சி சொல்கிறாள் என்று சொன்ன பிறகுதான் தலையாட்டினாராம்.

"உன்னைக் காட்டித்தான்டி அவரைப் பிடிச்சிருக்காங்க" என்றாள் நஜாத்.

யாமினா அப்படியே நின்றுவிட்டாள். நன்றி சொன்னால் மேலங்கி விழும், மேலங்கி விழுந்தால் அரங்கம் போகும், அரங்கம் போனால் அந்த மனுஷனுக்கு என்ன மிச்சம்? கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆலையும் மூடிவிட்டது. அண்ணன் ஜீலாலியின் வீட்டு மாடியறையில் குடியிருந்து அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு. ஹாஜி ஜீலாலி சந்தையில் பேரீச்சம்பழமும் வாதுமையும் விற்பவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ரொட்டியைப் பிட்டுக் கொடுக்கும்போதே ஒரு குத்தலையும் சேர்த்துக் கொடுப்பார். ஆண்பிள்ளை ஒருத்தன் முப்பது வருஷமாகப் பிள்ளைகளோடு பொம்மை விளையாடுகிறான் என்பது அந்த வீட்டில் தினப்படி கறி. சாயங்காலம் ஐந்து மணியானால் அரங்கம் இருக்கிறது என்பதால்தான் ஸி புஷ்தா அதையெல்லாம் மென்று விழுங்கினார். அந்த ஒரு கதவையும் சாத்துவதற்கு நான் சாட்சியா என்று நினைத்தாள் யாமினா.

திரும்பிப் போய்விடலாம் என்றாள். அவர் காலையிலேயே சவரம் செய்துகொண்டு காத்து உட்கார்ந்திருக்கிறார் என்றாள் நஜாத். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அப்படித்தான் அவள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

விழா இளைஞர் இல்லத்தில் இல்லை, அங்கே பூச்சு வேலை நடக்கிறது என்று சொல்லி வேறொரு பெரிய மண்டபத்தில் வைத்திருந்தார்கள். மாலை அஸர் தொழுகை முடிந்ததும் கூட்டம் நிறைந்துவிட்டது. எள்ளுப் பலகாரமும் புதினாத் தேநீரும் சுற்றி வந்தன. முதல் வரிசையில் ஸி புஷ்தா, யாரோ ஒருவர் கல்யாணத்துக்குத் தைத்த பழைய கோட்டில், முழங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஹாஜி ஜீலாலி, கணுக்கால்வரை தொங்கும் நல்ல ஜெல்லாபா போட்டுக்கொண்டு, மனைவி, மகன்கள், மருமகள்கள் என்று ஒரு வரிசையையே அடைத்துக்கொண்டு. யாமினாவைப் பார்த்ததும் ஸி புஷ்தா எழுந்து வந்து அவள் தலையில் முத்தமிட்டார். அவர் கன்னம் வழவழவென்று இருந்ததில் அவளுக்கு அழுகை முட்டியது.

ஸகரியா பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். பிறகு அவள் பெயரைச் சொன்னான். கூட்டம் ஆர்ப்பரித்தது. மாமியார் பேசப்போகிறாள் என்று பின்னாலிருந்து பெண்கள் குலவையிட்டார்கள்.

ஒலிபெருக்கி முன்னால் நின்று மூன்று பக்கத்தையும் விரித்தாள். மேடையோரத்தில் மேலங்கியை இரண்டு பேர் மடிப்புக் கலையாமல் ஏந்திக்கொண்டு தயாராக நின்றார்கள். கீழே ஸி புஷ்தா வாயை லேசாகத் திறந்துகொண்டு, பாடம் கேட்கும் பிள்ளையைப்போல அவளைப் பார்த்தார். நான் பேசாவிட்டால் அந்த மேலங்கி விழாது என்று யாமினா நினைத்தாள். சாட்சி இல்லாமல் எப்படிப் போர்த்துவார்கள்? முறை என்று ஒன்று இருக்கிறதே.

தொண்டையில் கை வைத்தாள். மன்னித்துக்கொள்ளுங்கள், குரல் போய்விட்டது என்று காற்றாக ஒரு வரி சொன்னாள். பத்தொன்பது வருஷத் தொழிலில் அவ்வளவு சுத்தமாக அவள் நடித்ததே இல்லை. கண்ணில் நீர்கூட வந்தது, அது மட்டும் நிஜம். இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

முறையாவது ஒன்றாவது. உணர்ச்சி பொங்கிவிட்டது என்று ஸகரியா சிரித்தபடி நாலு வார்த்தை தானே சொல்லி, கை தட்டச் சொல்லி, மேலங்கியைப் போர்த்தி முடித்துவிட்டான். எண்ணி மூன்று நிமிஷம். சாட்சி இல்லாமல் போர்த்தக்கூடாது என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? ஹாஜி ஜீலாலி மனைவி பக்கம் குனிந்தார். ரகசியம் பேசத் தெரியாத மனுஷர், இரண்டு வரிசைக்குக் கேட்டது.

"காஸாபிளாங்காலருந்து வந்தவளுக்கே சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல பாரு."

முன்னால் உட்கார்ந்திருந்த ஸி புஷ்தாவின் காது நுனி சிவந்ததை யாமினா பார்த்தாள்.

விழா முடிந்ததும் அவர் அவளைக் கடற்சுவர்ப் பக்கம் நடந்துவரச் சொன்னார். மேலங்கியைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டிருந்தார். கேடயத்தை நஜாத் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வெயில் இறங்கவில்லை, அலை சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவர் கேட்டார்.

"தொண்டைக்கு ஒண்ணும் இல்லையே?"

அவள் அலையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"உனக்கு நெஜமா தொண்டை கட்டினா இடது தோள் இறங்கிடும். இன்னிக்கு விறைப்பா நின்ன. உனக்கு வசனம் பழக்கினவன் நானு, எங்கிட்டயேவா?"

அவள் கொட்டித் தீர்த்தாள். நஜாத் சொன்னது, அரங்கம், கணினி வகுப்பு, நன்றி சொல்லியிருந்தால் தானே அவர் கழுத்தில் சுருக்குப் போட்டதாகியிருக்கும் என்பது, எல்லாம். உங்களுக்காகத்தான் வாயை மூடினேன் என்றாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சுவரில் உட்கார்ந்தார்.

"ஏப்ரல்லயே பூட்டை மாத்திட்டாங்க, பொண்ணே."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். ஒருநாள் ஐந்து மணிக்குப் போனால் சாவி நுழையவில்லை. பூச்சு வேலை என்றார்கள், பிள்ளைகளுக்கு விடுமுறை என்றார்கள். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் சாப்பாட்டு மேஜையில் வெற்றிவிழா கொண்டாடுவார். அதனால் தினமும் ஐந்து மணிக்கு வழக்கம்போல் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பி, இதோ இந்தச் சுவரில் எட்டு மணி வரை உட்கார்ந்துவிட்டுப் போகிறாராம். இரண்டு மாதமாக இதுதான் அவருடைய நாடகம்.

"அப்புறம் எதுக்கு ஒத்துக்கிட்டீங்க இந்த விழாவுக்கு?"

"நீ வர்றன்னாங்க. ஜீலாலி குடும்பத்தோட வர்றேன்னான். ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ ஒரு மணி நேரம். எனக்கு அது போதும்னு தோணுச்சு." மேலங்கியின் ஓரத்தை நீவிவிட்டார். "முப்பது வருஷமா அந்த மேஜையில சாப்பிடறேன். இனிமே சாயங்காலமும் அங்கதான், தப்பிக்க இடம் இல்ல. நீ சொல்றது ஒரே ஒரு தடவை அவன் காதுல விழுந்திருந்தா, ரொட்டி கொஞ்சம் லேசா இறங்கியிருக்கும்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் யாமினா பிழைத்திருப்பாள். இப்போதே சொல்கிறேன், உங்களிடமே சொல்கிறேன் என்று அவள் தவித்தாள். அவர் சிரித்துவிட்டார்.

"எனக்குத்தான் தெரியுமே அது. எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?"

நஜாத் வீட்டில் படுத்தவளுக்குத் தூக்கம் எங்கே வரும். அந்த மூன்று பக்கத்தை எடுத்துப் படித்துப் பார்த்தாள். கலைக்கு அர்ப்பணித்த வாழ்வு, அணையாத விளக்கு, தலைமுறைகளின் தந்தை. யாருக்கு வேண்டுமானாலும் படிக்கலாம், ஓய்வு பெறும் தபால்காரருக்குக்கூடப் படிக்கலாம். நடந்தது ஒரு வரி இல்லை. அரங்கத்துக்காக வாயை மூடினேன் என்று அவரிடம் சொன்னாளே, அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி அவளுக்கே இப்போதுதான் உறைத்தது. நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் அப்பாவைச் சொல்ல வேண்டும். வலை பின்னும் மஹ்ஜூபை, பள்ளிவாசல் ஜமாஅத்தில் முன்வரிசையில் நின்றவரை, பதினொரு வருஷத்துக்கு முன் ஊரே தோளில் சுமந்துபோய் அடக்கம் செய்த மனுஷரை. அதனால்தான் முப்பத்தோரு வருஷமாக அந்த நன்றி தொண்டையோடு நின்றது. மேடையில் அவளுக்கு ஒரு சாக்கு கிடைத்தது, பிடித்துக்கொண்டாள். பஞ்சு வைத்த அறையைவிட இது மோசமான அறை என்று நினைத்தாள். இதற்குக் கதவே தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் அவளுக்குப் பேருந்து. காலை பத்து மணிக்கு ஹாஜி ஜீலாலியின் கடையில் போய் நின்றாள்.

கடையில் நாலைந்து பெண்கள் வாதுமை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜீலாலி தராசுக்குப் பின்னால் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதில் அவரைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்து ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"தொண்டை சரியாயிடுச்சா?"

"சரியாயிடுச்சு ஹாஜியாரே. நேத்து சொல்ல வேண்டியதை இன்னிக்குச் சொல்ல வந்தேன்."

அந்தக் குரலைக் கேட்டதும் வாதுமை பொறுக்கிய கைகள் நின்றன. அடியாத்தி, மாமியார் என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, என் மருமகள் எதிர்க்கடையில்தான் நிற்கிறாள், ஒரு நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போ, புண்ணியமாகப் போகும் என்றாள். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாமினா சிரிக்கவில்லை. கையில் காகிதமும் இல்லை. சொல்ல ஆரம்பித்தாள்.

அவளுக்குப் பதினைந்து வயது. நகர விழாவில் நாடகம், அவளுக்கு நீதிபதி வேஷம். அதே வாரம் யூஸுஃபியா என்ற ஊரிலிருந்து பெண் கேட்டு வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு முப்பத்திரண்டு வயது. நாடகத்தன்று காலையில் அவளை மேல்மாடி அறையில் வைத்துக் கதவு பூட்டப்பட்டது, நிச்சயம் முடிந்துதான் திறக்கும் என்று. யார் பூட்டினார்கள் என்பதை அவள் சொல்லவில்லை, அவள் விட்டதை நான் சொல்லிவிடுகிறேன்: அப்பாதான். குழுவில் எல்லாருக்கும் எல்லா வசனமும் தெரியுமே, வேறு யாரையாவது நீதிபதியாக நிறுத்திவிட்டு ஸி புஷ்தா நாடகத்தை நடத்தியிருக்கலாம். பிறகு எத்தனையோ தடவை அப்படித்தான் நடத்தியிருக்கிறார். அன்றைக்கு மட்டும் அவர் நகர விழா மேடையை விட்டுவிட்டார். பிள்ளைகள் அத்தனை பேரையும் ஒரு கைவண்டியோடு அழைத்துக்கொண்டு அவள் வீட்டுச் சந்துக்கு வந்தார். கைவண்டிதான் மேடை. அவள் அறையின் கம்பிச் சன்னலுக்கு நேர் கீழே நிறுத்தி, நாடகத்தை ஆரம்பித்துவிட்டார்.

"நீதிபதி வர்ற இடம் வந்துச்சு. எல்லாரும் அண்ணாந்து பாத்தாங்க. கீழ ஸி புஷ்தா சத்தமா, கோர்ட்டார் அவர்களேன்னு கூப்பிட்டாரு. நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மேலருந்தே தீர்ப்பு சொன்னேன்" என்றாள் யாமினா. "சந்து முழுக்க ஜனம். என் குரலைக் கேட்டு யாரும் சிரிக்கல. அதான் முதல் தடவை."

பாதித் தீர்ப்பில் ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார், ஸி புஷ்தாவின் கன்னத்தில் அறைந்தார், வண்டியை எட்டி உதைத்துச் சாய்த்தார் என்றாள். அதுவும் அப்பாதான். ஸி புஷ்தா திருப்பிக் கை ஓங்கவில்லை. விழுந்த பிள்ளைகளைத் தூக்கி நிறுத்தி, நாடகம் முடிந்தது, சபைக்கு வணக்கம் சொல்லுங்கள் என்றார். சிவந்த கன்னத்தோடு தானும் குனிந்து வணங்கினார். சேதி யூஸுஃபியாவுக்குப் போயிற்று. சன்னலில் நின்று ஊருக்கே தீர்ப்பு சொல்கிற மருமகள் எங்களுக்கு வேண்டாம் என்று மாப்பிள்ளையின் அம்மா கும்பிடு போட்டுவிட்டாள். யாமினா பள்ளிக்கூடம் போனாள், ரபாத் போனாள், இன்றைக்கு உங்கள் வீட்டுக்கெல்லாம் ஆறரைக்கு வருகிறாள்.

"நேத்து உங்க தம்பிக்கு நான் ஒண்ணும் சொல்லல. சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாம இல்ல ஹாஜியாரே. எங்கிட்ட இருக்கிறது எல்லாமே அவரு கொடுத்ததுதான். அது தெரிஞ்சும் வாயைத் திறக்காத நன்றி கெட்டவ நான்."

ஜீலாலி தராசுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தக் கைவண்டி என்ன நிறம் என்று கேட்டார். பச்சை என்றாள் யாமினா.

"என் வண்டி அது. அப்ப கடை கிடையாது எனக்கு, அந்த வண்டிதான் கடை. சக்கரம் ஒடிஞ்சு கொண்டாந்தான். எப்படிடா ஒடிஞ்சதுன்னேன். விளையாட்டுல இடிச்சிட்டேன்னான். கன்னம் வீங்கியிருந்துச்சு, அதுக்கும் அதையே சொன்னான். ஒரு மாசம் நான் அவனை வீட்டுல சேக்கல. ஆலை வாசல்ல படுத்துக் கெடந்தான்." நிமிர்ந்து பார்த்தார். "ஏன் சொல்லல எங்கிட்ட? சொல்லியிருந்தா அறைஞ்சவன் சட்டையைப் பிடிச்சிருப்பேனே. யாரு அறைஞ்சது? யாரு உன்னைப் பூட்டினது?"

ஸி புஷ்தா ஏன் சொல்லவில்லை என்று யாமினாவுக்குத் தெரியும். சந்தில் நடந்தது சந்தோடு போக வேண்டும், ஒரு பெண்ணின் அப்பன் பெயர் சந்தைக்கு வரக்கூடாது என்று இருந்துவிட்டார், சந்துக்காரர்களும் மஹ்ஜூபின் மரியாதைக்காக அறைந்தவர் பெயரை வெளியே விடவில்லை. அவள் மானத்தைக் காக்க அண்ணன் வீட்டில் முப்பது வருஷம் குத்தல் சாப்பிட்டிருக்கிறார். இவளும் அதையே காத்தாள், ஆனால் இவள் காத்ததற்கும் விலை கொடுத்தது அவர்தான்.

ஜீலாலி அதற்குமேல் கேட்கவில்லை. தொலைபேசியை எடுத்து வீட்டுக்குப் பேசினார். அடுப்பை அணைத்துவிட்டு எல்லாரும் கடைக்கு வாருங்கள் என்றார், மகன்களையும் மருமகள்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், மாடியிலிருந்து அவனையும் அழைத்து வாருங்கள் என்றார். யார் செத்தார்கள் என்று மனைவி கேட்டது எல்லாருக்கும் கேட்டது. யாரும் சாகவில்லை, வா என்று வைத்தார். பிறகு யாமினாவைப் பார்த்தார்.

"நேத்து எல்லாரும் என் பக்கத்துல உக்காந்து நான் சொன்னதைக் கேட்டாங்க. இன்னிக்கு நீ சொல்றதைக் கேக்கட்டும். முதல்லருந்து சொல்லு. எதையும் விடாத."

கால் மணி நேரத்தில் குடும்பம் வந்து கடை வாசலை அடைத்தது. சந்தையில் பாதி அங்கேதான் நின்றது. கடைசியாக ஸி புஷ்தா வந்தார், வீட்டுச் செருப்போடு, என்னவோ ஏதோ என்று. யாமினாவைக் கண்டதும் வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையசைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, அவள் எதைச் சொல்லப்போகிறாள், அதில் யார் பெயர் வரும் என்று. ஜீலாலி தன் நாற்காலியை விட்டு எழுந்து, தம்பியின் தோளைப் பிடித்து அதில் உட்கார வைத்துவிட்டு, தான் வாதுமை மூட்டைமேல் சாய்ந்து நின்றார்.

யாமினா தொண்டையைச் செருமிக்கொண்டாள். இந்தத் தடவை அவள் குரல் சந்தை முனைவரை போயிற்று.

"எங்கப்பா பேரு மஹ்ஜூப். வலை பின்னுவாரு, உங்கள்ல பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். அவருதான் என்னைப் பூட்டி வெச்சாரு."